தங்கம் யாருக்கு? தூசி யாருக்கு?

அன்னிய மூலதனம் நல்லதா, கெட்டதா? கோலார் தங்கவயல் சொல்லும் பாடம்

வெள்ளிக்கிழமை வந்தால் ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை.

விடிவதற்கு முன்பே வேன்களும் மினி லாரிகளும் வந்து நிற்கும். மலைக் கிராமத்தில் இருந்தும் ஆடு வரும். சமவெளியில் இருந்தும் வரும். வாங்குகிறவர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பார். இடுப்பைப் பிடித்து எடை பார்ப்பார். பிறகு பேரம் நடக்கும்.

சந்தைப் பேரம் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் யாரும் இல்லை. ஆட்டை விற்கிறவனுக்கு அவசரம் இருந்தால் விலை இறங்கும். வாங்குகிறவனுக்கு அவசரம் இருந்தால் விலை ஏறும். ஆட்டின் எடை தெரியாமல் விற்கிறவன் ஏமாறுவான்.

ஒரு நாடு தன் சுரங்கத்தை அன்னியக் கம்பெனிக்குக் கொடுப்பதும் இப்படிப்பட்ட ஒரு பேரம்தான். சரக்கு பெரியது, விலை கோடிக்கணக்கு. அது ஒன்றுதான் வேறுபாடு.

"வெளிநாட்டு முதலீடு வருகிறது" என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம். அது வந்தால் நமக்கு வேலை கிடைக்குமா? நம் செல்வம் வெளியே போய்விடுமா? இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு விடை தேடித் தொலைதூரம் போக வேண்டாம். ஆம்பூரில் ரெயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரே விடை சொல்லும்.

அதுதான் கோலார் தங்கவயல்.

பாட்டன் போன ஊர்

தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே தெருவில் நடந்தால் காதில் விழுவது தமிழ்தான். காரணம் என்ன?

அந்தக் காலத்தில் வேலூர், ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி எல்லாம் வடஆற்காடு ஜில்லாவில் இருந்தன. மழை பொய்த்த வருடங்களில் இங்கிருந்து ஏழைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் தங்கவயலுக்குக் கிளம்பின. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் ஆதிதிராவிட மக்களே அதிகம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்கள் பாட்டன் தங்கவயலில் வேலை பார்த்தார்" என்று சொல்கிறவர்கள் நம் பகுதியில் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தப் பாட்டன்மார் வெட்டிய தங்கம் எவ்வளவு தெரியுமா?

சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன். ஒரு பவுன் 8 கிராம். கணக்குப் போட்டால் 10 கோடி பவுன்!

10 கோடி பவுன் எடுத்த ஊர் இன்று எப்படி இருக்க வேண்டும்? எப்படி இருக்கிறது? அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கதையைக் கேளுங்கள்.

வெள்ளைக்காரர் வந்தது எப்படி?

தங்கவயலில் தங்கம் இருப்பது அந்த ஊர் மக்களுக்குப் பழங்காலம் முதலே தெரியும். குழி தோண்டி, மண்ணைக் கழுவி, பொட்டுப் பொட்டாகத் தங்கம் எடுத்தார்கள். திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த வாரன் என்ற ஆங்கில அதிகாரி 1802-ல் இதைக் கேள்விப்பட்டார். எழுதியும் வைத்தார்.

அதற்கு 70 ஆண்டுகளுக்குப் பிறகு லவெல் என்பவர் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார். இவர் அயர்லாந்துக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பெங்களூரில் குடியிருந்தார். தங்கம் தேட அனுமதி கேட்டு 1873-ல் மைசூர் அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். 1875-ல் அனுமதி கிடைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது மைசூரை ஆண்டது யார்? பெயருக்கு மைசூர் ராஜ்ஜியம். ஆனால் 1831 முதல் 1881 வரை ஆட்சி நடத்தியது பிரிட்டிஷ் கமிஷனர்கள்! கேட்டவரும் அந்தக் கூட்டம். கொடுத்தவரும் அந்தக் கூட்டம். மண்ணுக்குச் சொந்தக்காரனான மைசூர்க் குடியானவனை யாரும் கேட்கவில்லை.

ஆட்டுக்குச் சொந்தக்காரன் வீட்டில் தூங்குகிறான். சந்தையில் இரண்டு தரகர்கள் தங்களுக்குள் விலை பேசிக்கொள்கிறார்கள். அந்த விலை யாருக்குச் சாதகமாக இருக்கும்?

மூழ்க இருந்த கம்பெனி

லவெலிடம் போதுமான பணம் இல்லை. உரிமையை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார். லண்டனில் பங்குகள் விற்று மைசூர் சுரங்கக் கம்பெனியும் வேறு பல கம்பெனிகளும் தொடங்கப்பட்டன. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது.

முதல் சில ஆண்டுகள் படுதோல்வி. பணம் எல்லாம் குழிக்குள் போயிற்று. தங்கம் வரவில்லை. மைசூர் கம்பெனியின் பங்குதாரர்கள், "கம்பெனியை மூடி மிச்சப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்" என்றார்கள். ஜான் டெய்லர் நிறுவனம் அவர்களைச் சமாதானப்படுத்தியது. இருந்த பணத்தை வைத்து இன்னும் ஆழமாக வெட்டியது.

பழங்காலத்தவர் விட்டுப்போன குழிகளுக்குக் கீழே, "சாம்பியன் ரீஃப்" என்ற புகழ் பெற்ற தங்கப்பாறை அகப்பட்டது. கம்பெனிகள் பிழைத்தன. பங்குதாரர்கள் பணக்காரர்கள் ஆனார்கள்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. சுரங்கத் தொழில் சூதாட்டம் போன்றது. பத்து இடத்தில் தோண்டினால் ஒரு இடத்தில்தான் கிடைக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்கும் பணம், ஆழத்தில் வெட்டும் எந்திரம், அதைக் கையாளத் தெரிந்த ஆள், மூன்றும் ஏழை நாட்டில் இருப்பதில்லை. அதனால்தான் அன்னிய மூலதனத்தைத் தேடுகிறார்கள். இது அன்றும் உண்மை. இன்றும் உண்மை.

வந்தது என்ன?

தங்கவயலுக்கு அன்னிய மூலதனத்தோடு சேர்ந்து பல நன்மைகளும் வந்தன.

ரெயில் வந்தது. பௌரிங்பேட்டையில் (இன்றைய பங்காரப்பேட்டை) இருந்து மாரிக்குப்பம் வரை 1894-ல் பாதை போட்டார்கள்.

மின்சாரம் வந்தது. காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து 1902-ல் தங்கவயலுக்குக் கொண்டு வந்தார்கள். தூரம் 147 கிலோ மீட்டர். அவ்வளவு தூரம் கம்பியில் மின்சாரம் கொண்டு போனது அந்தக் காலத்தில் உலக அதிசயம்! பெங்களூர் நகரத் தெருக்களில் மின் விளக்கு எரிந்தது 1905-ல்தான். தங்கவயலுக்குப் பிறகுதான் பெங்களூருக்கு வெளிச்சம்!

பேத்தமங்கலம் ஏரியில் இருந்து குடிதண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. பள்ளிக்கூடங்கள் வந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி ரொக்கமாக வந்தது. கிராமத்தில் பண்ணையாளாக, கடனுக்கு அடிமையாக இருந்தவனுக்கு இது பெரிய விஷயம். தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. பிள்ளையைப் படிக்க வைக்க முடிந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலில் வேரூன்றியது. அவர் தொடங்கிய "தமிழன்" பத்திரிகையை அவர் காலத்துக்குப் பிறகு, 1926 முதல், அப்பாதுரையார் தங்கவயலில் இருந்தே நடத்தினார். சுரங்கத் தொழிலாளியின் காசு இருந்ததால்தான் இது முடிந்தது.

ஆகவே அன்னிய மூலதனத்தால் ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

போனது என்ன?

இனி மறுபக்கம்.

எடுத்த தங்கம் கப்பல் ஏறி லண்டனுக்குப் போனது. லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. எந்திரம் வாங்கிய பணம் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனது. பெரிய சம்பளம் வாங்கிய மேலாளர்களும் எஞ்சினியர்களும் வெள்ளைக்காரர்கள். அவர்கள் சேமித்ததும் கடல் தாண்டிப் போனது.

அவர்களுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். அந்தப் பகுதிக்கே "குட்டி இங்கிலாந்து" என்று பெயர். நம் பாட்டன்மாருக்கு மூங்கில் தட்டியும் தகரமும் வைத்த வரிசை வீடுகள்.

அரசாங்கத்துக்குக் கிடைத்தது என்ன? சுரங்கம் பலன் கொடுக்கத் தொடங்கிய பிறகு, தங்கத்தின் மதிப்பில் 100-க்கு 5 ரூபாய் வீதம் ராயல்டி வந்தது. பின்னர் ஆதாயத்திலும் ஒரு சிறு பங்கு சேர்ந்தது.

ராயல்டி என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம்.

உங்களிடம் ஒரு காணி நிலம் இருக்கிறது. அதைப் பயிர் செய்யக் குத்தகைக்கு விடுகிறீர்கள். குத்தகை முடிந்ததும் நிலம் அப்படியே திரும்பி வரும். அதே நிலத்தில் மண் எடுக்கச் செங்கல் சூளைக்காரருக்கு விடுகிறீர்கள். அவர் போன பிறகு என்ன இருக்கும்? பள்ளம்தான் இருக்கும்! அதனால்தான் மண்ணுக்குத் தனியாக விலை பேசுகிறோம். இத்தனை லோடுக்கு இத்தனை ரூபாய் என்கிறோம்.

சுரங்கத்துக்குச் சொந்தமான அரசாங்கம் வாங்கும் அந்த "மண் விலை"தான் ராயல்டி. கம்பெனி லாபம் சம்பாதித்தாலும் நஷ்டப்பட்டாலும் அது வந்தாக வேண்டும். ஏனென்றால் எடுத்த தங்கம் மறுபடியும் முளைக்காது.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மைசூருக்கு நின்று நிலைத்த நன்மை எதில் கிடைத்தது? சிவசமுத்திரம் மின்சாரத்தில்! ஏனென்றால் அந்த மின் நிலையம் மைசூர் அரசாங்கத்தின் சொந்தச் சொத்து. சுரங்கக் கம்பெனிகள் அதனிடம் காசு கொடுத்து மின்சாரம் வாங்கின. தங்கம் போய்விட்டது. மின் நிலையம் நாட்டிலேயே நின்றது.

அன்னியன் எவ்வளவு கொண்டு வந்தான் என்பது பாதிக் கணக்கு. அவன் வந்த நேரத்தில் நாம் நமக்கென்று எதைக் கட்டிக்கொண்டோம் என்பது மறு பாதி.

பூமிக்கு அடியில்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். ஏலகிரி மலை ஊர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று ஏலகிரி மலைகளைத் தலைகீழாக அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு ஆழம்!

அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றைச் செலுத்தினால்தான் மனிதன் நிற்க முடியும். திடீர் என்று பாறை வெடித்துச் சிதறும். "ராக் பர்ஸ்ட்" என்று அதற்குப் பெயர். மேலே ஊரில் வீடுகள் குலுங்கும். எந்த வீட்டு ஆண்மகன் அகப்பட்டான் என்று பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள்.

சத்தம் போடாமல் கொன்றது வேறு ஒன்று. அது கல் தூசி. துளை போடும்போது பறக்கும் தூசி மூச்சில் ஏறி நுரையீரலில் படிந்துவிடும். நுரையீரல் கல்லாக இறுகும். இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களை டாக்டர்கள் சோதித்தார்கள். 100-க்கு 40 பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது!

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி கட்டாயப்படுத்தியபோது, 1930-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நாங்கள் திருடர்களா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. 1946-ல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இருமி இருமிச் செத்தவனின் மருந்துச் செலவும், அவன் விதவை பட்ட பாடும் எந்தக் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கிலும் முழுதாக வராது. கம்பெனியின் லாபம் லண்டனில் எழுதப்பட்டது. அதன் நஷ்டத்தில் ஒரு பகுதி வடஆற்காட்டுக் குடிசைகளில் எழுதப்பட்டது.

நமக்கே வந்த பிறகு

"அன்னியனை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தோம்.

1956 நவம்பரில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்கு மாறியது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது!

ஏன்?

முதல் காரணம், நல்ல சரக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. அதாவது 5 பவுன். உற்பத்தி 1905-ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்குமுகம். மூடும் காலத்தில் ஒரு டன்னுக்கு 3 கிராம் அளவுதான். அரைப் பவுன் கூட இல்லை!

கரும்பின் இனிப்பான அடிப்பகுதியை ஒருவன் தின்றுவிட்டான். சப்பென்று இருக்கும் நுனி நம் கைக்கு வந்தது.

இரண்டாவது காரணம், ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. 2001-ல் உலகச் சந்தையில் தங்கம் மலிவாக இருந்தது. எடுக்கும் செலவு விற்கும் விலையைவிடப் பல மடங்கு அதிகமாகிவிட்டது.

மூன்றாவது காரணம், நம் தவறு. தங்கம் ஒரு நாள் தீரும் என்று எல்லோருக்கும் தெரியும். தீருவதற்கு முன்பே அந்த ஊருக்குப் போதுமான மாற்றுத் தொழில் ஏற்படுத்தவில்லை. அருகே 1964-ல் தொடங்கிய "பெமல்" எந்திரத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அது ஓரளவு கை கொடுத்தது. ஊர் முழுவதையும் தாங்க அது போதவில்லை.

பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் சுரங்கம் பிழைக்காது என்பதையும் தங்கவயல் காட்டிவிட்டது.

ஆப்பிரிக்காவில் இரண்டு அண்ணன் தம்பிகள்

இந்தக் கதை நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. ஆப்பிரிக்காவில் சாம்பியா, போட்ஸ்வானா என்று பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1964-லும் மற்றொன்று 1966-லும் விடுதலை பெற்றன.

சாம்பியாவில் தாமிரம். அந்நாடு அடிமையாக இருந்தவரை தாமிரத்துக்கான ராயல்டியில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குக் கூட வரவில்லை. லண்டனில் இருந்த ஒரு தனியார் கம்பெனி அதை வாங்கிக்கொண்டிருந்தது! விடுதலைக்குப் பிறகு சாம்பியா சுரங்கங்களில் பெரும் பங்கைத் தன் வசம் எடுத்தது. 1970-களின் நடுவில் தாமிர விலை விழுந்தது. நாடு கடனில் மூழ்கியது. 1997 முதல் 2000 வரை சுரங்கங்களை மறுபடியும் அன்னியருக்கு விற்றார்கள்.

கடன்காரன் நெருக்கும்போது மாட்டை விற்றால் என்ன விலை கிடைக்கும்? அப்போது போட்ட ஒப்பந்தங்கள் சிலவற்றில் ராயல்டி 100-க்கு 60 காசுதான்! சில ஆண்டுகளில் தாமிர விலை பல மடங்கு ஏறியது. சாம்பியா வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வாங்கியவர்களில் இந்தியர் ஒருவர் தொடங்கிய வேதாந்தா குழுமமும் உண்டு. கொங்கோலா தாமிரச் சுரங்கத்தில் பெரும்பங்கை 2004-ல் வாங்கியது. "எங்கள் ஆறு கெட்டது" என்று அங்குள்ள கிராம மக்கள் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2021-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே குழுமத்தின் தூத்துக்குடி தாமிர ஆலையின் கதை நமக்குத் தெரிந்ததே. 2018-ல் அது மூடப்பட்டது.

ஆக, "அன்னியன்" என்றால் வெள்ளைக்காரன் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆப்பிரிக்காக் கிராமத்தானுக்கு நம்மவரே அன்னியர்!

இனி போட்ஸ்வானா. விடுதலை பெற்றபோது அந்த நாடு முழுவதும் இருந்த தார் ரோடு சுமார் 12 கிலோ மீட்டர்தான்! உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. 1967-ல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. டி பீர்ஸ் என்ற அன்னியக் கம்பெனிதான் கண்டுபிடித்தது.

போட்ஸ்வானா கம்பெனியை விரட்டவில்லை. கூட்டுச் சேர்ந்தது. தொடக்கத்தில் அரசாங்கத்தின் பங்கு 100-க்கு 15. வைரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்ததும் மறுபடியும் பேரம் பேசியது. 1975-ல் பங்கு 100-க்கு 50 ஆனது. வரியும் ராயல்டியும் சேர்த்தால் லாபத்தில் பெரும்பகுதி நாட்டுக்கே வந்தது. அந்தப் பணத்தில் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கட்டினார்கள். பிற்காலத்துக்கு என்று ஒரு பகுதியைச் சேமித்தார்கள். ஏழை நாடு நடுத்தர நாடானது.

அங்கும் குறை உண்டு. ஒரே பயிரை நம்பிய குடியானவனைப் போல வைரத்தையே நம்பி இருந்தார்கள். இப்போது ஆலையில் செய்த வைரம் சந்தைக்கு வந்துவிட்டது. தோண்டி எடுத்த வைரத்துக்கு விலை இறங்கியதால் அரசாங்கம் திண்டாடுகிறது.

தோல் சொல்லும் பாடம்

சுரங்கம் நமக்குத் தூரம். தோல் பக்கத்தில் இருக்கிறது. அதில் இதே பாடத்தைப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் இருந்து அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான் கப்பல் ஏறியது. அதை வாங்கிய சீமைக்காரன் மெருகேற்றிச் செருப்பும் பையும் செய்து பெரிய விலைக்கு விற்றான். நமக்குக் கிடைத்தது தோல் விலையும் தொட்டி நாற்றமும்தான்.

1973-ல் மத்திய அரசு, கச்சாத் தோலையும் அரைப்பதத் தோலையும் வெளியே அனுப்புவதற்குக் கட்டுப்பாடு போட்டது. "இங்கேயே முழுதாகச் செய்து அனுப்பு" என்றது. தொடக்கத்தில் வியாபாரிகள் கலங்கினார்கள். பிறகு ஷூ தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்களில் போய் வரும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பாருங்கள். அவர்கள் சம்பளத்துக்கு வழி செய்ததில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

மண்ணில் இருந்து எடுப்பதைவிட, எடுத்ததை வைத்து இங்கேயே என்ன செய்கிறோம் என்பதில்தான் கூலி அதிகம்.

தோலிலும் ஒரு கணக்கு விட்டுப்போனது. அது பாலாறு! கழிவு நீரால் கிணறும் நிலமும் கெட்டன. 1996-ல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியிலும் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. கெடுப்பது சுலபம், சரி செய்ய ஒரு தலைமுறை போதாது.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இந்தியாவில் இன்று தங்கம் உள்ளிட்ட உலோகச் சுரங்கங்களில் அன்னியர் 100-க்கு 100 வரை முதலீடு செய்யலாம். 2019-ல் நிலக்கரியை வெட்டி விற்பதற்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. நல்ல சட்டமும் ஒன்று வந்திருக்கிறது. 2015 முதல் சுரங்கம் நடத்துகிறவர்கள் ராயல்டியோடு கூட ஒரு தொகையைச் சுரங்கம் உள்ள மாவட்டத்தின் நிதிக்குக் கட்ட வேண்டும். தோண்டிய ஊருக்கே அந்தப் பணம் செலவாக வேண்டும். தங்கவயல் காலத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால்!

அடுத்த முறை "இத்தனை ஆயிரம் கோடி அன்னிய முதலீடு" என்று படிக்கும்போது, கைதட்டுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. மண் விலை எவ்வளவு? விலை ஏறினால் நம் பங்கும் ஏறுமா?

2. எடுத்ததை அப்படியே அனுப்புகிறார்களா? இங்கேயே பொருளாகச் செய்கிறார்களா?

3. மேல் வேலையை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்களா? கூலி வேலை மட்டும்தானா?

4. தண்ணீர், காற்று, தொழிலாளியின் நுரையீரல், இவை கெட்டால் யார் பணம் கட்டுவது? அந்தப் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தார்களா?

5. சரக்குத் தீர்ந்த பிறகு அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கும்?

இந்த ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால் அன்னியன் வரட்டும். நமக்குப் பணமும் எந்திரமும் வேண்டும். பதில் இல்லை என்றால், உள்ளூர் முதலாளி வந்தாலும் அதே கதிதான்.

சயனைடு மலைகள்

இன்றைய தங்கவயலுக்கு வருவோம்.

ஊர் நடுவே சாம்பல் நிறத்தில் மலைகள் நிற்கின்றன. அவை இயற்கையான மலைகள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல்! காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் பறக்கிறது. தங்கம் போய்விட்டது. தூசி தங்கிவிட்டது.

இப்போது தங்கத்தின் விலை வானத்தில் நிற்கிறது. அந்தக் கழிவில் மிஞ்சிய கொஞ்சம் தங்கத்தை எடுக்கலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. 2024-ல் கர்நாடக அரசும் இதற்கு இசைவு தெரிவித்தது. இந்தத் தடவை பேரம் பேசும்போது தங்கவயல் மக்களையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெங்களூர் ரெயிலில் ஏறக் கூட்டம் நெரியும். ஆண்களும் பெண்களும் டிபன் பாக்ஸுடன் ஓடி வருவார்கள். நாள் முழுவதும் பெங்களூரில் வேலை. இரவு வீடு. மறுநாள் மறுபடியும் ரெயில். பாட்டன் வேலை தேடித் தங்கவயலுக்கு வந்தான். பேரன் வேலை தேடித் தங்கவயலை விட்டு ஓடுகிறான். நடுவே 10 கோடி பவுன் வந்தது, போனது.

சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கையையும் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். என்ன விலை என்று பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது.

ஆட்டுக்கு அது சரி. ஆடு ஒருவன் சொத்து.

பூமிக்கு அடியில் இருப்பது எல்லோருடைய சொத்து. பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு விலை பேசும்போது துண்டை எடுத்துவிட வேண்டும். என்ன விலை, யாருக்கு எவ்வளவு என்பதை ஊரே பார்க்க வேண்டும்!